கம்பி பிரஷா, மரச்சுரண்டியா, வெறும் நெருப்பா: கிரில் அடுப்பைச் சுத்தம் செய்ய எது நல்லது?

என்னுடைய கிரில் பிரஷை ஒரு நாள் வெள்ளைத் துணி ஒன்றின் மேல் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடி ஆடவில்லை, முட்கள் வளையவில்லை. ஆனால் துணியில் கரித்தூளோடு ஐந்து கம்பி முட்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் கண் இமை முடியைவிடச் சற்று நீளம், கொஞ்சம் தடிமன். ஒன்றை ஈர விரலில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைத் துணியாக இருந்ததால் கண்ணில் பட்டது. கரி படிந்த கம்பித்தட்டின் மேல் கிடந்திருந்தால் அதன் மீதே இறைச்சியை வைத்திருப்பேன். முள் அதில் ஒட்டிக்கொண்டு சாப்பிடும் தட்டு வரை வந்திருக்கும்.

அன்றைக்கு அந்த பிரஷைத் தூக்கிப் போட்டேன். அப்புறம் அதன் இடத்தில் எதை வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்ததில் கிடைத்த முடிவுகள்தான் இவை. இன்னொன்றும் புரிந்தது. நாம் எல்லோரும் கம்பித்தட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம். உண்மையில் ஆபத்தான அழுக்கு அதற்குக் கீழேதான் சேர்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கம்பி பிரஷ்: வேகம் உண்டு, நிம்மதி இல்லை

கம்பி பிரஷுக்கு இத்தனை பேர் பழகிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. சூடான தட்டில் பத்து இழுப்பு இழுத்தால் போதும், கரி உதிர்ந்துவிடும். கம்பிகளின் பக்கவாட்டிலும் இடுக்கிலும் நுழையும். வேகத்தில் இதற்கு ஈடாக வேறெதையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் உதிரும் முள் சின்ன விஷயம் இல்லை. மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் 2002 முதல் 2014 வரை கிரில் பிரஷ் முள்ளால் காயப்பட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 1,698 பேர். வாயிலும் தொண்டையிலும் குத்திக்கொண்டவைதான் அதிகம். அதற்கு முன்பே, 2012-ல், அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ரோட் தீவு மாநிலத்தின் ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் வந்த ஆறு பேரைப் பற்றி எழுதியிருந்தது. விழுங்கும்போது தொண்டை வலி என்று வந்தவர்களும் இருந்தார்கள், குடலில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை வரை போனவர்களும் இருந்தார்கள். கிரில் பயன்படுத்தும் கோடிக்கணக்கான பேரோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஒரு மரத்துண்டை வாங்கினாலே தவிர்த்துவிடக்கூடிய ஆபத்தை நான் ஏன் சாப்பாட்டுத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பித்தளை முள் வைத்த பிரஷ், எஃகு முள் வைத்ததைவிட மென்மையானது. எனாமல் பூச்சை அவ்வளவாகக் கீறாது. ஆனால் மென்மையாக இருப்பதாலேயே சீக்கிரம் வளைந்து உதிர்கிறது. தேய்த்த பிறகு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முட்களில் பலவற்றையும் சரியாக இழுக்காது. கம்பி பிரஷை விட மனமில்லை என்றால் ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியை இடுக்கியில் பிடித்துத் தட்டு முழுவதும் இரண்டு தடவை துடையுங்கள். துணியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு முள் அதில் ஒட்டியிருந்தாலும் அந்த பிரஷின் ஆயுள் முடிந்தது.

மாற்றாக என்னென்ன இருக்கின்றன

எனக்கு மிகவும் பிடித்தது மரச்சுரண்டி. அகலமான துடுப்பு மாதிரி ஒரு கெட்டி மரப்பலகை, அவ்வளவுதான். வார்னிஷ், பெயின்ட் எதுவும் பூசாததாக இருக்க வேண்டும். புதுசாக வாங்கும்போது அதன் விளிம்பு நேராக இருக்கும். நன்றாகச் சூடேறிய தட்டின் மேல் அந்த விளிம்பை அழுத்தி முன்னும் பின்னுமாக இழுத்தால், கம்பி பட்ட இடமெல்லாம் மரம் லேசாகக் கருகிக் குழிவிழும். முதல் நாள் குழி மயிரிழை ஆழம்தான் இருக்கும். மரம் கருகும் வாடை மட்டும் தூக்கலாக வரும், கரி பாதிதான் போகும். ஐந்தாறு தடவை கழித்துப் பார்த்தால் சீப்பின் பல் மாதிரி வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கும், உங்கள் அடுப்பின் கம்பிகளுக்கே அளவெடுத்துச் செய்தது போல. அதற்கப்புறம் ஒவ்வொரு இழுப்பிலும் கம்பியின் மேற்புறத்தோடு இரண்டு பக்கமும் சேர்ந்து சுத்தமாகும். அதற்கு முன்பு பொறுமை வேண்டும். இரண்டாவது நாளே "இது வேலைக்கு ஆகாது" என்று மூலையில் போட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் நாலு தடவை தேய்த்திருந்தால் அவர்களுக்கும் பிடித்துப்போயிருக்கும். கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் இது தொடாது. அதற்கு அவ்வப்போது தட்டைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

முள் இல்லாத உலோக பிரஷ்கள் இருக்கின்றன, சுருள் கம்பியை வளைத்து வளைத்துச் செய்தவை. இவையும் சூட்டில் நன்றாக வேலை செய்யும். சுருள் தேய்ந்து அறுந்தால் வரும் துண்டு முள்ளைவிடப் பெரியது, கண்ணுக்குத் தெரியும். ஆனால் நெருக்கமான கம்பிகளின் இடுக்கில் நுழையாது. மரச்சுரண்டி பழகும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இதைச் சொல்வேன்.

நைலான் பிரஷ் என்பது வேறு வகைப் பொருள். நைலான் அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும்; அதற்கு முன்பே இளகத் தொடங்கும். சூடான தட்டில் வைத்தால் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு தேய்க்கலாம் என்றால், அந்த நேரத்தில் கொழுப்பு இறுகிப்போயிருக்கும். ஆகவே வெந்நீரும் சோப்பும் வைத்துக் கழுவும் நாளுக்கு மட்டும்தான் நைலான்.

கிரில் கல் என்று ஒன்று விற்கிறார்கள். துளைகள் நிறைந்த, கையில் எடுத்தால் எடையே தெரியாத கட்டி. பெரும்பாலும் நுரைத்த கண்ணாடியால் ஆனது. தேய்க்கத் தேய்க்க அதுவும் கம்பியின் வடிவத்துக்குத் தேய்ந்துகொண்டே வரும். பழைய, கெட்டிப்பட்ட கரியை எடுப்பதில் இது கெட்டிக்காரத்தனமான பொருள். தேய்க்கும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடியை நுரைக்கவைக்கும்போது உள்ளே அடைபட்ட கந்தக வாயுதான் அது. இரண்டு விஷயம் மட்டும் கவனம். தேய்த்த தூள் தட்டிலும் பர்னரிலும் கொட்டும், துடைக்காமல் சமைக்கக்கூடாது. எனாமலும் ஒரு வகைக் கண்ணாடிதான் என்பதால் எனாமல் தட்டில் இதை நான் வைப்பதில்லை. வெறும் வார்ப்பிரும்புக்கும் ஸ்டீலுக்கும் சரி.

அலுமினியத் தாளைப் பந்தாகக் கசக்கி இடுக்கியில் பிடித்துத் தேய்ப்பது, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தித் தேய்ப்பது ஆகிய இரண்டும் கையில் வேறு எதுவும் இல்லாதபோது உதவும். அலுமினியத் தாள் பிய்ந்து துணுக்குகள் விழும், அதைத் துடைக்க வேண்டும். வெங்காயம் தன் ஈரத்தால் மேலாக இருக்கும் சாம்பலைத் துடைத்துவிடும், வாடையும் நன்றாக இருக்கும். தடித்த கரியை அது அசைக்காது.

எரித்துச் சுத்தம் செய்வதா, கழுவுவதா

கருவியைவிட முக்கியமான தேர்வு இது. என் கணக்கில் வேலையில் முக்கால்வாசியை நெருப்பே செய்துவிடுகிறது, மீதிக்குத்தான் கை.

மூடியை மூடிவிட்டு அடுப்பை முழுச் சூட்டில் 10 முதல் 15 நிமிடம் விட்டால், தட்டில் ஒட்டியிருக்கும் கொழுப்பும் துணுக்குகளும் வறண்டு கருகிப் பொரிந்துபோகும். முதலில் புகை வரும். அந்தப் புகை அடங்கியதும் வேலை முடிந்தது என்று அர்த்தம். அப்போது சுரண்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கி உதிரும். அதே கரியை ஆறிய பிறகு சுரண்டிப் பாருங்கள், மேலே தோல் மாதிரியும் கீழே பசை மாதிரியும் இழுக்கும். அந்த வித்தியாசத்தை ஒரு தடவை கையில் உணர்ந்தவர் ஆறிய தட்டோடு மல்லுக்கட்டமாட்டார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கீழே உள்ள வடிதட்டு நிறையக் கொழுப்பு இருக்கும்போது இப்படி எரிக்கக்கூடாது. முதலில் அதைக் காலி செய்துவிட்டுத்தான் மூடியை மூட வேண்டும். எரியும்போது பக்கத்திலேயே இருங்கள். சூட்டை உள்ளேயே நிறுத்துவதற்காகத் தட்டு முழுவதையும் அலுமினியத் தாளால் போர்த்துகிறவர்கள் உண்டு. அதில் சூடு அளவுக்கு மீறி ஏறி பர்னரும் தடுப்புத் தகடும் கெட்டுப்போகலாம்.

அப்படியென்றால் கழுவவே வேண்டாமா? வேண்டும், ஆனால் அபூர்வமாக. அடிக்கடி பயன்படுத்தினால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது அடுப்பை நீண்ட நாள் மூடிவைப்பதற்கு முன் ஒரு தடவை தட்டைக் கழற்றி வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவுவது போதும். ஒவ்வொரு தடவையும் கழுவுகிறவரின் தட்டுதான் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஈரத்தை முழுவதுமாக எடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அதுதான் காரணம்.

நீராவி பீய்ச்சும் கருவிகள் கொழுப்பை நன்றாக இளக்கும். ஆனால் கொதிக்கும் வார்ப்பிரும்பின் மேலோ எனாமலின் மேலோ பச்சைத் தண்ணீரை ஊற்றுவது வேறு கதை. வார்ப்பிரும்பு பிளந்துபோகலாம், எனாமல் மயிரிழையாக விரிசல் விடலாம். எழும்பும் ஆவியும் கையைச் சுட்டுவிடும். வண்டி கழுவும் அழுத்தத் தண்ணீர்க் குழாயை எரிவாயு அடுப்புக்குள் பாய்ச்சுவது இன்னும் மோசம். வால்வுக்குள்ளும் பற்றவைக்கும் பொறிக்குள்ளும் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் தட்டு எந்த உலோகம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம்.

வெறும் வார்ப்பிரும்பு என்றால் கனமாக, கறுப்பாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இதற்கு நெருப்பு, சுரண்டல், எண்ணெய் என்ற வரிசைதான் வாழ்க்கை. இரும்புச் சட்டியைப் பழக்குவது போலவே இதையும் பழக்க வேண்டும். மெல்லிய பூச்சாக எண்ணெயைத் தடவிச் சூடாக்கினால் அது இறுகிக் கெட்டியான கறுப்புப் படலமாக மாறும். அந்தப் படலம்தான் துருவையும் ஒட்டுதலையும் தடுக்கிறது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் படலம் ஆகாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். தடவிய பிறகு "தடவவே இல்லையோ" என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். சோப்பே படக்கூடாது என்று சொல்வது மிகை. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுப் பட்டால் இறுகிய படலம் போய்விடாது. ஊறவைப்பதுதான் கெடுதல். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த வார்ப்பிரும்புத் தட்டு காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அப்படி ஆகிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். துருவைத் தேய்த்து எடுத்து, உலர்த்தி, மறுபடி பழக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். மற்ற எந்தத் தட்டுக்கும் இந்த மறுபிறவி கிடையாது, அதனால்தான் வார்ப்பிரும்பு எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

எனாமல் பூசியது பளபளப்பாக, வழுவழுப்பாக இருக்கும். உலோகத்தின் மேல் கண்ணாடியை உருக்கி ஒட்டியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை எப்படிக் கையாள்வோமோ அப்படிக் கையாள வேண்டும். உலோகச் சுரண்டி வேண்டாம், எஃகு முள் வேண்டாம், கீழே போடக்கூடாது, சூட்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மரச்சுரண்டியும் நைலானும் இதற்குத் தகுந்தவை. தாராளமாக ஊறவைத்துக் கழுவலாம். ஆனால் ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டால் அந்த இடத்திலிருந்து துரு உள்ளுக்குள் பரவும்.

எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் பராமரிக்க எளிது. ஊறவைக்கலாம், தேய்க்கலாம், மறந்தும் போகலாம். சூட்டில் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறுவது அழுக்கு இல்லை, உலோகத்தின் மேற்பரப்பு காற்றோடு வினைபுரிவதால் வரும் நிறம். அதைப் போக்க வேண்டும் என்று உயிரை விடாதீர்கள். தவிர்க்க வேண்டியவை இரண்டுதான். குளோரின் கலந்த பிளீச் இதில் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும். சாதாரண இரும்பு நாரால் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். தட்டே துருப்பிடித்தது போல் தெரியும்.

குரோமியம் பூசிய மெல்லிய கம்பித்தட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பூச்சு உரியத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்.

ரசாயனம் எவ்வளவு தேவை

என் பதில்: பெரும்பாலும் தேவையில்லை. தேவைப்படும்போது லேசானதில் தொடங்குங்கள்.

சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பசையாகப் பூசி அரை மணி நேரம் விட்டால் மேல் பிசுக்கு இளகும். அதன் காரம் குறைவு. தேய்க்கும்போது அதன் மென்மையான துகள்தான் பாதி வேலை செய்கிறது. சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றி நுரை பொங்குவதைக் காட்டும் குறிப்புகள் ஏராளம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை அடங்கியதும் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டில் ஒன்றைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

சலவை சோடா இன்னும் காரமானது. வெந்நீரில் கரைத்து எனாமல் தட்டையோ ஸ்டீல் தட்டையோ சில மணி நேரம் ஊறவைத்தால், நைலான் பிரஷுக்கே கரி கழன்று வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி, காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர். இது கொழுப்பையே சோப்பாக மாற்றிக் கரைத்துவிடுகிறது, அதனால்தான் அவ்வளவு வேகம். அதே வேகத்தில் அலுமினியத்தையும் அரிக்கும். எரிவாயு கிரில்கள் பலவற்றின் அடிப்பெட்டி வார்த்த அலுமினியம். காஸ்டிக் அதன் மேல் பட்டால் ஹைட்ரஜன் வாயு வெளியாகும், உலோகம் குழிகுழியாகும். எனவே இதைப் பயன்படுத்துவதானால் தட்டை மட்டும் கழற்றி, தனியாக, திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும். அப்புறம் தண்ணீரில் பல தடவை அலச வேண்டும். வார்ப்பிரும்பில் பட்டால் நீங்கள் மாதக்கணக்கில் பழக்கிய படலம் முழுவதும் போய்விடும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள எதையுமோ ஒருபோதும் கலக்காதீர்கள். வெளியே வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

தட்டுக்குக் கீழே

முதலில் சொன்னேனே, ஆபத்தான அழுக்கு கீழே இருக்கிறது என்று. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்குப்படி, 2014 முதல் 2018 வரை அந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 10,600 வீட்டுத் தீ விபத்துகள் கிரில் அடுப்போடு சம்பந்தப்பட்டவை. கட்டடத்தில் பிடித்த தீயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு அடுப்பைச் சுத்தம் செய்யாமல் விட்டது ஒரு காரணம். தட்டின் மேலே இருக்கும் கரி அப்படித் தீப்பிடித்து வீட்டுக்குத் தாவாது. வடிதட்டில் தேங்கிய கொழுப்புதான் தாவும்.

எரிவாயு அடுப்பானால் ஒவ்வொரு தடவையும் பற்றவைப்பதற்கு முன் வடிதட்டை இழுத்துப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் விட்ட ஒரு மாலையில் தட்டின் நடுவிலிருந்து திடீரென்று மஞ்சள் தீ எழும்பி மூடியைத் தொட்டது. கை தானாகவே தண்ணீர்க் குவளையைத் தேடியது. நல்லவேளை, எட்டும் தூரத்தில் இல்லை. எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் அது நொடியில் ஆவியாகி, நெருப்பையே நாலாபக்கமும் தெறிக்கவைக்கும். வாயுவை மூடினேன், மூடியை மூடினேன், விலகி நின்றேன். காற்று இல்லாமல் அது அடங்க எடுத்த இரண்டு மூன்று நிமிடம் மிக நீளமாக இருந்தது. அடுத்த நாள் வடிதட்டைப் பார்த்தபோது விரல் மொத்தத்துக்குக் கொழுப்பு இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அதைப் பார்க்காமல் பற்றவைத்ததில்லை. சமையல் சோடா ஒரு டப்பா பக்கத்திலேயே இருக்கும். சின்னத் தீயென்றால் அதைத் தூவலாம்.

பர்னரின் மேலே உள்ள தகடுகளையும் பெட்டியின் உட்சுவரையும் மாதத்துக்கு ஒரு தடவை பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, அந்தக் கசடை வடிதட்டில் தள்ளிக் கொட்டிவிடலாம். பர்னர் குழாயின் ஓட்டைகளைக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒரு ஓட்டையின் கசடு அடுத்த ஓட்டையில் போய் அடைக்கும். தீ நீலமாக, நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் தொட்டு எரிந்தால் நல்லது. முழுக்க மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் எங்கோ அடைப்பு. பல நேரம் அது சிலந்தி வலைதான். வாயுவும் காற்றும் கலக்கும் குழாய்க்குள் சிலந்தி நுழைந்து வலை கட்டிவிடும். அப்போது தீ பர்னரை விட்டுக் குழாய்க்குள் பின்னோக்கி எரியக்கூடும். பல நாள் சும்மா கிடந்த அடுப்பைத் திரும்ப எடுக்கும்போது அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிலிண்டரை மாற்றியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வைத் திறந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இதே பட்டியலில்தான் வரும். பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

கரி அடுப்புக்கு எதிரி சாம்பல். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் காரமாகும், அந்தக் காரம் அடிக்கிண்ணத்தை மெதுவாக அரித்துத் தின்னும். மழையில் நனைந்த சாம்பலை ஒரு மாதம் அப்படியே விட்டுப் பிறகு அள்ளிப் பார்த்தால் சிமென்ட் போல இறுகியிருக்கும். அடியில் உலோகம் செதில் செதிலாக வரும். காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டால் அடுத்த முறை கரி சரியாகப் பிடிக்காது. எனவே ஒவ்வொரு தடவையும் சாம்பலை எடுக்க வேண்டும், ஆனால் உடனே இல்லை. துளைகளையும் மூடியையும் மூடிவிட்டு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும் சாம்பலுக்குள் கங்கு உயிரோடு இருக்கும். அள்ளுவது மூடி போட்ட உலோக வாளியில். பிளாஸ்டிக்கோ காகிதப் பையோ கூடாது. ஆறாத கரி அடுப்பை எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள்ளே கொண்டுபோகாதீர்கள், கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது.

மூடியின் உட்புறத்தில் கறுப்பாகச் செதில் உரிவதைப் பார்த்து "பெயின்ட் உரிகிறது" என்று பயந்து அடுப்பையே தூக்கிப் போட நினைப்பவர்கள் உண்டு. மூடிக்குள் எனாமல் பூசிய அடுப்புகளில் அது பெரும்பாலும் பெயின்ட் இல்லை. புகையும் கொழுப்பும் படிந்து காய்ந்த கரிதான். லேசாகச் சூடு இருக்கும்போது கசக்கிய காகிதத்தாலோ நைலான் பிரஷாலோ தேய்த்தால் உதிர்ந்துவிடும். விட்டால் அது உணவின் மேல் விழும்.

சமைத்த பின்னா, அடுத்த தடவைக்கு முன்னா

பிசுக்கை அப்படியே விட்டால் அது துருவைத் தடுக்கும், அடுத்த தடவை எரித்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. சாப்பிட்ட கையோடு சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது மறு கட்சி. வாரத்தில் பல நாள் அடுப்பு மூட்டுகிறவருக்கும் வார்ப்பிரும்புத் தட்டு வைத்திருப்பவருக்கும் முதல் கட்சியில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு நான் இரண்டாவது பக்கம்தான். பிசுக்கு எலியையும் எறும்பையும் அழைக்கும், சில வாரம் மூடிக்கிடந்தால் பூஞ்சையும் வரும்.

நான் செய்வது இதுதான். உணவை எடுத்ததும் அடுப்பை அணைக்காமல், மூடியை மூடிப் பத்து நிமிடம் விட்டு, மரச்சுரண்டியால் இரண்டு நிமிடம். அணைத்து, சற்று ஆறியதும் எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியில் பிடித்து ஒரு துடை. எரியும் தீயின் மேல் எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், தீ டப்பாவை நோக்கி வரும். அடுத்த தடவை மூட்டும்போது மறுபடி சூடேற்றி, ஒரு முறை சுரண்டியை ஓட்டிவிட்டுச் சமையல். பூஞ்சை வந்த அடுப்பானால் முதலில் முழுச் சூட்டில் எரித்து, சுரண்டி, சோப்பு வெந்நீரில் கழுவி, மறுபடி ஒரு தடவை காலியாக எரித்த பிறகே உணவை வைக்க வேண்டும்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. சூடு இருக்கும்போதே உறை போட்டால் உள்ளே வியர்த்து, வெளியில் நனைந்ததைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். முழுக்க ஆறி உலர்ந்த பிறகு போடுங்கள், அடியில் காற்றுப் போக இடம் இருக்கட்டும்.

கடல் காற்று அடிக்கும் இடத்தில் இருப்பவர் புதுத் தட்டு வாங்குவதானால் வார்ப்பிரும்பை யோசித்து வாங்குங்கள். உப்புக் காற்றில் அதற்கு எண்ணெய் போட்டு மாளாது. தடித்த கம்பி வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டும் ஒரு மரச்சுரண்டியும் அங்கே போதும். எனாமல் தட்டு பெயர்ந்து, விரலால் தடவினால் கூர்மையாகச் சில்லு உதிர்கிறது என்றால் அதைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். கம்பி முள்ளைப் போலத்தான் அந்தச் சில்லும், உணவில் ஒட்டிக்கொண்டு வரும். பழைய தட்டின் நீள அகலத்தை அளந்துகொண்டு புதியதை வாங்கிவிடுங்கள்.